40,000 டாலருக்குள் ரியர் வீல் டிரைவ் கூப்பே: எஃப்ஆர்-எஸ், மஸ்டாங் ஜிடி, ஜிஆர்86, கேமன் எஸ். எதை எடுப்பது?

கேள்வி: எடிசன்_ஓட்டுநர்

வணக்கம். நியூ ஜெர்சியில் ஓட்ட ஒரு ரியர் வீல் டிரைவ் கூப்பே தேடுகிறேன். மேனுவல் கியர்தான் வேண்டும். வேலைக்குப் போகவர தினமும் 40 மைல். வருடத்துக்கு நான்கைந்து முறை மில்வில்லில் உள்ள தண்டர்போல்ட் ரேஸ் டிராக்கில் பயிற்சி நாள். 7 வயதுப் பையன் அவ்வப்போது பின்சீட்டில் வருவான். மொத்தப் பணம் 40,000 டாலர், கடன் கிடையாது.

கண்ணில் பட்டவை: 2013–16 சயான் எஃப்ஆர்-எஸ் அல்லது சுபாரு பிஆர்ஸி, 15,000 சுமாருக்கு. 2015–17 மஸ்டாங் ஜிடி, 25,000. புது டொயோட்டா ஜிஆர்86, வரியும் பதிவும் சேர்த்து 34,000. 2009–12 போர்ஷே கேமன் எஸ், 36,000க்கு மேல்.

விலை ஏற ஏற ஓட்டுவதிலும் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1: மூன்றாம்_கியர்

40,000ஐயும் காரிலேயே போட்டுவிடாதீர்கள். டிராக்குக்குப் போகிற கார் முதல் வருடமே டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், அலைன்மென்ட் என்று கேட்கும். 5,000 டாலரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எது வருகிறதோ அதைப் பாருங்கள். அந்தக் கணக்கில் கேமன் கொஞ்சம் தாண்டிவிடுகிறது, ஜிஆர்86 பொருந்துகிறது, எஃப்ஆர்-எஸ் தாராளமாகப் பொருந்துகிறது.

எஃப்ஆர்-எஸ்ஸில் இருப்பது 2.0 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன். 3,500க்கும் 4,500க்கும் இடையே ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும்போது இழுவை ஒரு குழியில் விழும். ஹைவேயில் முந்தப் போகிற சரியான நேரத்தில்தான் அது தெரியும். ஜிஆர்86இல் 2.4 லிட்டர், 228 குதிரைத்திறன். அதைவிட முக்கியம், 249 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) 3,700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. அந்தக் குழி இல்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு விலை வித்தியாசம் இங்கேதான் நியாயமாகிறது.

2013 எஃப்ஆர்-எஸ் எடுப்பதாக இருந்தால் வால்வ் ஸ்பிரிங் ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனியே திரும்ப அழைத்தது) வரலாறு கட்டாயம் பாருங்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் காரின் அடையாள எண்ணான விஐஎன் போட்டால் வேலை பாக்கியிருக்கிறதா என்று தெரியும். அந்த வேலைக்கு எஞ்சினையே இறக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது சீலன்ட் (கசிவைத் தடுக்கும் பசை) அதிகமாகப் பூசப்பட்ட சில எஞ்சின்கள் ஆயில் ஓட்டம் அடைபட்டுப் போயிருக்கின்றன. ரீகால் முடிந்து பல ஆயிரம் மைல் நல்லபடியாக ஓடிய கார் என்றால் தைரியமாக எடுக்கலாம். போன மாதம்தான் முடிந்தது என்றால் வேறு காரைப் பாருங்கள்.

ஜிஆர்86இலும் சீலன்ட் பிரச்சினை உண்டு. எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை ஒட்டும் சிலிக்கான் உள்பக்கம் பிதுங்கி, துணுக்காகப் பிய்ந்து, ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டைக் கழற்றிப் பார்த்தவர்கள் வலையில் புழு மாதிரி நெளிந்த துண்டுகளைக் கண்டிருக்கிறார்கள். இன்னொன்று, நீளமான வலது வளைவில் ஒட்டும் டயரோடு வேகமாகப் போனால் ஆயில் பக்கவாட்டில் ஒதுங்கி அழுத்தம் குறையும். சாதாரண சாலையில் இது வராது. முதல் வருடம் கம்பெனி டயரிலேயே பழகுங்கள். ஆயில் அளவு எப்போதும் மேல்கோட்டில் இருக்கட்டும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். அரை ரேஸ் டயருக்கு மாறும் நாளில் ஆயில் பிரஷர் கேஜ் போட்டுவிடுங்கள். டாஷ்போர்டில் ஆயில் சூடு தெரியும், அழுத்தம் தெரியாது.

பதில் 2: வி8_குரல்

ஜிஆர்86 நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் 40 மைல் ஹைவே, கூடவே பையன் என்றால் மஸ்டாங்கை அவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். 5.0 லிட்டர், 435 குதிரைத்திறன், ஆறாவது கியரில் சத்தமில்லாமல் போகும். பின்சீட்டில் சிறுவன் உட்காரலாம். ஜிஆர்86இல் உயரமான ஆள் ஓட்டினால் அவர் பின்னால் கால் வைக்கக்கூட இடமிருக்காது, பையனை அடுத்த பக்கம்தான் உட்கார வைக்க முடியும்.

ஒரே நிபந்தனை: பெர்ஃபார்மன்ஸ் பேக் இருக்கும் வண்டி மட்டும். முன்பக்கம் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் 3.73 டோர்சன் டிஃபரன்ஷியல், பெரிய ரேடியேட்டர் அதில்தான் வரும். அது இல்லாத ஜிடியை வாங்கி இவற்றைப் பின்னால் சேர்ப்பது வீண் செலவு. முன்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் காலிப்பரில் (பேடை அழுத்தும் பாகம்) பிரெம்போ எழுத்து தெரியும். விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

கியர்பாக்ஸைக் குளிர்ந்த எஞ்சினில் சோதியுங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இந்த எம்டி82 பாக்ஸ் சூடானதும் தன் குறையை மறைத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று மாற்றும்போது அரைபட்டால் விட்டுவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பும்போது பின்பக்கம் தடதடவென்று குதித்தால் பயப்பட வேண்டாம். ரப்பர் புஷ்ஷில் பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) அசைவதால் வருவது அது, அந்த அசைவைத் தடுக்கும் லாக்அவுட் கிட் போட்டால் பெருமளவு அடங்கும்.

எடையை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஜிஆர்86 சுமார் 1,280 கிலோ, இது சுமார் 1,700 கிலோ. நேர்ப்பாதை முடிவில் இது வந்து சேரும் வேகமும் அதிகம். அவ்வளவையும் பிரேக்தான் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். பின்டயரும் அகலம், 275/40R19. ஜிஆர்86இன் 215/40R18க்கும் அதற்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

பதில் 3: நடு_எஞ்சின்

வளைவில் திரும்பும் சுகத்துக்குத்தான் கார் என்றால் இந்த நான்கில் கேமன் தனி ரகம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், இரண்டு அச்சுக்கும் நடுவே. ஸ்டியரிங்கைத் தொட்டதும் முன்பக்கம் திரும்பும், ஒரு கணம்கூடத் தாமதம் கிடையாது. ஆனால் இரண்டே சீட். பையன் வருவது உறுதியானால், இன்னொரு கார் வீட்டில் இல்லாமல் இதை நினைக்காதீர்கள்.

ஆண்டில் கவனம். 2006–08 கேமன் எஸ்ஸில் சிலிண்டர் சுவர் கீறல் விழும் நோய் உண்டு. அதன் ஐஎம்எஸ் பேரிங்கை (எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்குவது) எஞ்சினைப் பிளக்காமல் மாற்றவும் முடியாது. 2009 மாடலிலிருந்து எஞ்சினே புதிது: 3.4 லிட்டர், 320 குதிரைத்திறன், ஐஎம்எஸ் பேரிங்கே இல்லை. 28,000க்கு ஒரு கேமன் எஸ் கிடைத்தால் பெரும்பாலும் அது பழைய எஞ்சின்தான், மயங்க வேண்டாம்.

போர்ஷே தெரிந்த மெக்கானிக்கிடம் முன்சோதனை செய்து, ஓவர்-ரெவ் அறிக்கையை அச்செடுத்து வாங்குங்கள். எஞ்சின் எத்தனை முறை அளவு மீறிச் சுழன்றது என்பது 1 முதல் 6 வரை ஆறு கட்டங்களில் பதிவாகியிருக்கும். 1, 2இல் எண்கள் இருப்பது சகஜம். 4க்கு மேல் எண் இருந்தால் யாரோ ஐந்துக்குப் போக வேண்டிய இடத்தில் மூன்றைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது எந்த ஓட்ட மணியில் நடந்தது என்பதும் அதிலேயே இருக்கும். அதற்குப் பிறகு பல நூறு மணி நேரம் ஓடியிருந்தால் பேரம் பேசலாம், சமீபத்தில் நடந்திருந்தால் வேண்டாம்.

முன்பம்பரின் இரண்டு காற்றுவாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்த இலை மக்கி ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் அரித்திருக்கும்.

மறுமொழி: எடிசன்_ஓட்டுநர்

மூவருக்கும் நன்றி. பையனை நினைத்துக் கேமனை விட்டுவிட்டேன். ஜிஆர்86 பக்கம் சாய்கிறேன். ஒதுக்கிய பணத்தை முதல் டிராக் நாளுக்கு முன் எந்த வரிசையில் செலவழிப்பது?

பதில் 4: மூன்றாம்_கியர்

முதலில் பிரேக் ஆயில். கம்பெனி ஆயிலின் கொதிநிலை டிராக்குக்குப் போதாது. கொதித்தால் பைப்பில் ஆவிக்குமிழி உண்டாகி, மிதி தரைவரை போகும். 312 டிகிரி செல்சியஸ் கொதிநிலையுள்ள மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஒரு லிட்டர் வாங்கி நான்கு சக்கரத்திலும் முழுக்க மாற்றுங்கள். அடுத்து முன், பின் இரண்டுக்கும் டிராக் பேட். முன்னால் மட்டும் மாற்றினால் பிரேக் சமநிலை கெடும்.

மூன்றாவது அலைன்மென்ட். முன்சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்பதால் டயரின் வெளி ஓரம் ஒரே நாளில் தேய்ந்துவிடும். முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டு, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்படி மைனஸ் 1.5 டிகிரி, டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம் என்று கேளுங்கள். செலவு குறைவு, டயர் மிச்சம்.

எக்ஸாஸ்ட், இன்டேக் எதுவும் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் குளிர்கால டயர் ஒரு செட் வாங்குங்கள். கோடைக்கால டயர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துப் பிடிப்பை இழக்கும். டிராக் விபத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது, அன்றைக்கு மட்டும் தனிப் பாலிசி எடுக்கலாம். புது ஜிஆர்86 வாங்குவோருக்கு டிராக் பயிற்சி நடத்தும் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஒரு வருட உறுப்பினர் பதவியும் ஒரு பயிற்சி நாளும் இலவசமாகத் தந்து வருகிறார்கள், டீலரிடம் மறக்காமல் கேளுங்கள்.

டிராக்கில் கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக முடியுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பிரேக் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.