பம்ப் ஹவுஸ் அனுபவங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்தவர்கள் எழுதுங்கள்

பென்னாகரம் ரிட்டயர்டு இன்ஜினியர்:

குடிநீர்த் திட்ட வடிவமைப்பில் பல வருடம் இருந்தவன். நம் பக்கத்து நீரேற்று நிலையங்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு, பம்ப் பத்தாமல் போனது அல்ல. தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டதுதான்.

அதற்குக் காரணம் பயம். ஒகேனக்கல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர், ஓசூர் 900க்குப் பக்கம். இங்கே போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டும். பல்லில் பழுப்புக்கறை பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள். காவிரியில் எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மடம் என்ற ஊரின் மேட்டுக்கு ஏற்றி அனுப்புகிற ஏற்பாடு. இப்படி மேடும் பள்ளமுமான ஊரில் 'தண்ணீர் மேலே ஏறாமல் போய்விட்டால்?' என்று ஆளாளுக்கு ஹெட்டில், அதாவது பம்ப் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரக் கணக்கில், கொஞ்சம் கூட்டிவைப்பார்கள்.

ஒரு சின்னக் கிராமத் திட்டத்தைச் சொல்கிறேன். சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை நிலை உயரம் 42 மீட்டர். குழாய் உராய்வுக்குப் பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்கான சி மதிப்பு (குழாயின் வழவழப்பைச் சொல்லும் எண், கூடினால் உராய்வு குறையும்) 100 வைத்து 18 மீட்டர் போட்டார்கள். பதித்ததோ உள்ளே சிமென்ட் பூசிய புது டி.ஐ. (டக்டைல் அயர்ன் என்ற இரும்பு) குழாய். அதற்கு 140 எடுத்தால் உராய்வு 10 மீட்டர்கூட வராது. அதன் மேல் ஸ்டேஷனுக்குள் வால்வு, குழாய் வளைவுகளுக்கு 5 மீட்டர். அதற்கும் மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 10 மீட்டர். 57 போதும் என்கிற இடத்துக்கு 75 மீட்டர் பம்ப் வந்து இறங்கியது.

உண்மையில் தேவைப்படும் ஹெட் குறைவாக இருந்தால் பம்ப் சும்மா இருக்காது, தண்ணீரை அதிகமாகத் தள்ளும். ஆம்ப்ஸ் ஏறும், மோட்டார் டிரிப் ஆகும், கேவிடேஷன் (தண்ணீரில் ஆவிக்குமிழ் உண்டாகி உடைவது) வந்து உள்ளே ஜல்லியை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம் கேட்கும். அதைத் தடுக்க ஆபரேட்டர் டெலிவரி வால்வைப் பாதி மூடி ஓட்டிக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர்! வால்வுக்கு முன்னும் பின்னும் கேஜ் போட்டுப் பார்த்தால் பம்ப் பக்கம் 7 கிலோ, லைன் பக்கம் 5.7 கிலோ (ஒரு கிலோ அழுத்தம் என்றால் 10 மீட்டர் ஹெட்). நடுவில் வீணாகப் போகிற 13 மீட்டருக்குப் பஞ்சாயத்து மாதாமாதம் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தது. பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கழற்றி, ஹெட்டைக் குறைக்க லேத்தில் கொடுத்து விட்டத்தில் சுமார் 10 சதவீதம் கடைந்து போட்டோம். வால்வை முழுசாகத் திறந்தோம். அவ்வளவுதான். போரில் இறக்கும் சப்மெர்சிபிளாக இருந்தால் அடுக்கடுக்காக இருக்கும் இம்பெல்லர்களில் ஒன்றை, அதாவது ஒரு ஸ்டேஜைக் கழற்றியிருப்போம்.

பாலக்கோடு ஆபரேட்டர்:

சார், வால்வை மூடி ஓட்டினதுக்குத் திட்டாமல் பாராட்டின முதல் இன்ஜினியர் நீங்கள்தான். எங்கள் கஷ்டம் வேறு. கரண்ட் போகிற நேரம்தான் பயம். மோட்டார் நின்ற சில நொடியில் என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) 'டம்' என்று அடிக்கும், தரையே அதிரும். லைன் ஒரு கரட்டு மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கரட்டுக்கு அந்தப்பக்கம்தான் ஜாயின்ட் விடும். காண்ட்ராக்டர் ஜாயின்ட் சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பார்த்தால் கரட்டு உச்சியில் இருந்த ஏர் வால்வின் அடி வால்வை யாரோ மூடிவைத்திருக்கிறார்கள். சொட்டுகிறது, குழியில் குடம் வைத்துப் பிடிக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள் என்று புகார் போயிருக்கிறது. சரி செய்ய வந்தவர் சுலபமான வழியாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

பென்னாகரம் ரிட்டயர்டு இன்ஜினியர்:

தம்பி, ஜாயின்ட் மேல் குற்றமே இல்லை. பம்ப் திடீரென்று நின்றால் மேட்டின் உச்சியில் தண்ணீர்த் தொடர் அறுந்து வெற்றிடம் உண்டாகும். ஏர் வால்வு திறந்திருந்தால் காற்று உள்ளே போய்த் தாங்கிக்கொள்ளும். மூடியிருந்தால் பிரிந்த இரண்டு பக்கத் தண்ணீரும் திரும்பி வந்து ஒன்றோடொன்று மோதும். டி.ஐ. குழாயில் வேகம் நொடிக்கு 1 மீட்டர் ஒரேயடியாக மாறினால் ஏறக்குறைய 100 மீட்டர் ஹெட் கூடும், அதாவது 10 கிலோ. உச்சியில் ஏர் வால்வு, ஸ்டேஷனில் ஏர் வெசல் (அழுத்தக் காற்று அடைத்த தொட்டி), அல்லது ஜீரோ வெலாசிட்டி வால்வு (ஓட்டம் நிற்கிற நொடியிலேயே மூடிக்கொள்வது) என்று எது வேண்டும் என்பதை லைனின் நீளவெட்டுப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: கரண்ட் வந்ததும் முழு வால்வில் ஸ்டார்ட் போடாதீர்கள். லைன் பாதி காலியாக இருக்கும். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, லைன் நிரம்பிய பிறகு மீதியைத் திறங்கள்.

ஓசூர் எம்.இ.பி. கன்சல்டன்ட்:

நல்ல தண்ணீர்க்காரர்கள் பேசிவிட்டீர்கள், நான் கழிவுநீர்ப் பக்கம். ஓசூரில் அபார்ட்மென்டுகளுக்கும் கம்பெனிகளுக்கும் கழிவுநீரேற்று கிணறு வரைவது என் பிழைப்பு. இங்கேயும் 'பெரிதாக இருந்தால் நல்லது' என்ற அதே வியாதிதான். பெரிய கிணற்றில் கழிவு மணிக்கணக்கில் தேங்கி அழுகும், ஹைட்ரஜன் சல்பைடு வந்து கான்கிரீட்டை அரிக்கும். ரொம்பச் சின்னதாகப் போனால் மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆகிக் காயில் எரியும். ஸ்டார்ட் லெவலுக்கும் ஸ்டாப் லெவலுக்கும் நடுவில் எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: பம்ப் நிமிடத்துக்குத் தள்ளும் அளவை, இரண்டு ஸ்டார்ட்டுக்கு இடைப்பட்ட நிமிடங்களால் பெருக்கி 4ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 20 லிட்டர் பம்ப், 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்டார்ட் என்றால் 3,000 லிட்டர். அவ்வளவே.

சோப்பு நுரையையும் மறக்கக் கூடாது. ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில் அல்ட்ராசோனிக் சென்சார் நுரையைத் தண்ணீர் மட்டம் என்று எடுத்துக்கொண்டு பம்பை வறட்சியில் ஓட்டிவிட்டது. இப்போது அழுத்தத்தில் வேலை செய்யும் சென்சார் ஒன்று, அதற்குத் துணையாக ஃப்ளோட் என்று போடுகிறேன்.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு: கிணற்றுக்குள் ஆள் இறங்கவே கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் வருடச் சட்டம் ஒருபுறம், அந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பம்பை மேலிருந்தே தூக்கி இறக்குவதற்கான கைடு ரெயில், ஆட்டோ கப்ளிங் எல்லாம் டிராயிங்கில் இருக்கும். ஆனால் மேலே செயின் பிளாக் மாட்ட பீம் இருக்காது. மூடி பம்பை விடக் குறுகலாக இருக்கும். செயின் நுனி கைக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும், இல்லாவிட்டால் சாதா இரும்புச் செயின் போட்டு அது துருப்பிடித்து அறுந்திருக்கும். அடைத்துக்கொண்ட சானிட்டரி நாப்கினை எடுக்க அப்புறம் யாரையோ கூப்பிடுவார்கள். சைட்டில் ஒப்படைக்கும் நாளில் பம்பை எல்லோர் முன்னாலும் ஒரு தடவை மேலே தூக்கி இறக்கிக் காட்டச் சொல்வேன். அது முடியாமல் கையெழுத்து இல்லை.

சூளகிரி பாலிடெக்னிக்:

சார், அந்த 75 மீட்டர் பம்புக்கு இம்பெல்லரைக் கடையாமல் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டிருக்கலாமே?

பென்னாகரம் ரிட்டயர்டு இன்ஜினியர்:

போடலாம் தம்பி, ஆனால் அங்கே ஒரே தொட்டி, ஒரே அளவு ஓட்டம். தேவை மாறாத இடத்தில் அந்தப் பேனலுக்குச் செலவு எதற்கு? தவிர, அங்கே 57இல் 42 நிலை உயரம். வேகம் குறைந்தால் ஹெட் அதன் இருமடியில் குறையும். அந்தப் பம்பின் ஷட் ஆஃப் ஹெட் (ஓட்டமே இல்லாதபோது கொடுக்கும் ஹெட்) 85 மீட்டர். யாராவது வேகத்தை 70 சதவீதத்துக்கு இறக்கிவைத்தால் அது 42க்குக் கீழே வந்துவிடும். மோட்டார் சுற்றும், மீட்டர் ஓடும், தொட்டிக்கு ஒரு சொட்டு ஏறாது.