கொட்டாங்குச்சி விளக்கு: துளை போட்டால் விரிசல் விடுகிறது

வணக்கம். பால்கனியில் தொங்கவிட கொட்டாங்குச்சியில் விளக்குக்கூடு செய்கிறேன், உள்ளே பழைய சீரியல் பல்பு. செலவு உப்புத்தாளுக்கு மட்டும்தான். நாரைக் கத்தியால் சுரண்டி, 80, 120, 220 என்று மூன்று நம்பர் தாளில் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவினால் கருங்காலி மாதிரி மின்னுகிறது. அதுவரை சரி.

3 மி.மீ. துளை போடும்போதுதான் வம்பு. நடுவில் ஒழுங்காக இறங்குகிறது. விளிம்புப் பக்கம் போனதும் 'டிக்' என்று ஒரு சத்தம், தேங்காய்க் கண் வரைக்கும் கோடு. இதுவரை நான்கு போச்சு. (அம்மாவுக்கு வெந்நீர் அடுப்புக்கு ஆயிற்று.)

ஊறவைத்துத் துளைக்கலாமா, இல்லை காய்ந்த ஓடுதான் தாங்குமா? உள்ளே கட்டை முட்டுக் கொடுக்கலாமா? அப்புறம், மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கிறது. வார்னிஷ் இல்லாமல் வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.