லம்ப்சம் டெண்டரில் விலை எகிறுகிறது: ஒப்பந்த வகையை மாற்றலாமா?

புதுக்கொள்முதல்:
அரசுத் துறை ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். நிலத்தடியில் உள்ள பழைய குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க லம்ப்சம் (முழு வேலைக்கும் ஒரே மொத்த விலை) டெண்டர் விட்டோம். வந்த விலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, எல்லாமே மதிப்பீட்டைத் தாண்டி. "மொத்த விலை என்றால்தான் தணிக்கையில் கேள்வி வராது, மறுபடி அதையே விடு" என்கிறார் மேலதிகாரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. காஸ்ட் பிளஸ் (ஆன செலவோடு லாபமும் சேர்த்துக் கொடுப்பது) போகலாமா?

மண்வெட்டி:
டெண்டரோடு மண் பரிசோதனை அறிக்கை கொடுத்தீர்களா? பழைய குழாய் வரைபடம்?

புதுக்கொள்முதல்:
பரிசோதனை செய்யவில்லை சார். வரைபடம் இருக்கிறது, களத்தோடு ஒத்துப்போகவில்லை.

மண்வெட்டி:
கோளாறு அங்கேதான். கீழே பாறை எவ்வளவு என்று தெரியாமல் விலை கேட்டால், ஒருவர் பாதி தூரம் பாறை என்று வைத்துக்கொள்வார், இன்னொருவர் முழுக்க மண் என்று துணிவார். பாறையே வராவிட்டாலும் முதலாமவருக்குக் கொடுத்த பணம் திரும்பாது. இரண்டாமவர் பாறையில் முட்டியதும் வேலையை நிறுத்திவிட்டுக் கூடுதல் தொகை கேட்டு நிற்பார்.

இதற்கு ஐட்டம் ரேட்தான் சரி. சாதா மண், கெட்டி மண், பாறை என்று தோண்டலைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கனமீட்டர் விலை வாங்குங்கள். தோண்டியதை அளந்து பணம். குழியை மூடுவதற்கு முன் இரு தரப்பும் நின்று அளவெடுத்துக் கையெழுத்துப் போடணும், மூடிய பிறகு பாறையா மண்ணா என்று சண்டைதான். உத்தேச அளவுகளில் ரொம்பக் கவனம். பாறையைக் குறைத்துக் காட்டியிருந்தால், விவரம் தெரிந்தவர் பாறைக்கு மட்டும் விலையை ஏற்றி, மற்றதைக் குறைத்து, மொத்தத்தில் குறைந்த விலைக்காரராக வந்துவிடுவார், பிறகு பாறை அதிகம் வரும்போது உங்கள் செலவு எகிறும். அதனால் முதலில் சோதனைக் குழி போடுங்கள்.

தணிக்கைமேசை:
காஸ்ட் பிளஸ் வேண்டவே வேண்டாம். ஆன செலவையெல்லாம் கொடுப்பதென்றால் ஒப்பந்தக்காரரின் கணக்கைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும். செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்பது இன்னும் மோசம், செலவு ஏற ஏற லாபமும் ஏறும். அமெரிக்கக் கூட்டரசுக் கொள்முதலில் அதற்குச் சட்டப்படியே தடை. ஆராய்ச்சி மாதிரி, முடிவு முன்கூட்டித் தெரியாத வேலைக்குத்தான் காஸ்ட் பிளஸ், அதுவும் லாபத்தை நிலையான தொகையாக வைத்து.

புதுக்கொள்முதல்:
மொத்த விலை என்றால் நஷ்டம் அவர்களுக்குத்தானே, நமக்கென்ன என்று மேலதிகாரி கேட்பார் சார்.

தணிக்கைமேசை:
கேசி-46 கதையைச் சொல்லுங்கள். வானில் எரிபொருள் நிரப்பும் இந்த விமானத்தை உருவாக்க 2011-ல் அமெரிக்க விமானப்படை போயிங்குக்கு விலை உச்சவரம்பு வைத்து ஒப்பந்தம் கொடுத்தது. மீறிய செலவு நிறுவனத்தின் தலையில், 700 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆனால் 2017-ல் வரவேண்டிய விமானம் 2019 ஜனவரியில்தான் வந்தது. பணம் மிஞ்சினாலும் காத்திருப்பு அரசுக்குத்தான். உங்கள் வேலையில் தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் மக்கள். தணிக்கையில் நாங்கள் பார்ப்பது, இந்த வகையை ஏன் எடுத்தீர்கள் என்ற காரணம் கோப்பில் இருக்கிறதா என்பதைத்தான்.

புதுக்கொள்முதல்:
சோதனைக் குழிக்குக் குறிப்பு வைத்துவிட்டேன். பம்பு, வால்வும் இதே டெண்டரில் வருகிறதே?

மண்வெட்டி:
அதைத் தனியாகப் பிரித்து நிலையான விலைக்கே வாங்குங்கள். விவரக்குறிப்பு தெளிவு, போட்டியும் இருக்கும். சப்ளை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தால் மட்டும் உலோக விலைக் குறியீட்டோடு விலை மாறும் ஷரத்து சேருங்கள்.