யூரோப்பியத்தைக் கூட்டினால் சிலிக்கா படலத்தின் சிவப்பு மங்குகிறது, ஏன்?

கேள்வி:
சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கிக் கண்ணாடியாக்குவது) சிலிக்கா படலம் செய்கிறேன். டி.இ.ஓ.எஸ். (சிலிக்கா தரும் மூல திரவம்), எத்தனால், நீர், துளி அமிலம்; அதில் சிவப்பாய் ஒளிரும் அருமண் தனிமமான யூரோப்பியத்தின் நைட்ரேட்டைக் கரைத்து ஸ்பின் கோட்டிங் (சுழற்றிப் பூசுவது), பிறகு காற்றில் 500 டிகிரி செல்சியஸ் அனீலிங் (சூட்டில் பதப்படுத்துவது). எக்ஸ்.ஆர்.டி. என்ற எக்ஸ்-கதிர் சோதனையில் அகன்ற மேடு மட்டும்தான், படிகம் இல்லை. 1 மோல் சதவீதத்தில் 612 நானோமீட்டர் சிவப்பு பளிச்சென்று வருகிறது. 5 சதவீதத்தில் குறைந்துவிடுகிறது. செறிவு கூடியதால் ஒளி அணைகிறது என்று எழுதிவிடலாமா சார்?

பதில்:
அவசரப்படாதீர்கள். யூரோப்பியத்தில் சிவப்பைத் தரும் ஆற்றல் மட்டத்துக்குக் கீழே சுமார் 12,000 செ.மீ⁻¹ (இங்கே ஆற்றலின் அலகு) வெற்றிடம். பக்கத்து அயனியோடு ஆற்றலைப் பங்குபோட அங்கே தோதான படி கிடையாது. யூரோப்பியம் நிறைந்த சேர்மங்கள் சில நன்றாக ஒளிர்வதும் அதனால்தான். இன்னொரு அருமண் தனிமமான எர்பியம் அப்படியல்ல: கிளர்ந்த இரண்டு அயனிகள் அருகருகே இருந்தால் ஒன்று தன் ஆற்றலைக் கொடுத்து மற்றதை மேலே ஏற்றிவிடும், 1.53 மைக்ரான் ஒளி குறையும்.

நான் சந்தேகப்படுவது படலத்தில் மிஞ்சிய ஹைட்ராக்சிலை (OH). 500 டிகிரியில் அது முழுதாகப் போகாது. அதன் அதிர்வு 3,400 செ.மீ⁻¹ அளவில் இருப்பதால், மூன்று நான்கு அதிர்வுகளிலேயே அந்த இடைவெளி நிரம்பி ஆற்றல் வெப்பமாகிவிடும். யூரோப்பியம் அயனியின் ஒளிர்வு ஆயுள் (கிளர்ந்தபின் ஒளிர்ந்து தேயும் காலம்) நீரில் 0.1 மில்லிவிநாடி, கனநீரிலோ ஏறக்குறைய 4. வித்தியாசத்தைப் பாருங்கள்! செறிவு கூடும்போது ஆற்றல், பங்கு பிரியாமல் முழுதாகவே, அயனிக்கு அயனி தாவி, எங்காவது ஒரு ஹைட்ராக்சிலிடம் மாட்டிக்கொள்கிறது.

வெறும் ஒளிச்செறிவை நம்ப வேண்டாம். படலத்தின் தடிமன் மாறினாலே அது மாறும். ஆயுளை அளந்து பாருங்கள். சிலிக்கான் வேஃபர்மேல் ஒரு படலம் பூசி எஃப்.டி.ஐ.ஆர். (ஹைட்ராக்சில் அதிர்வைக் காட்டும் அகச்சிவப்பு நிறமாலை) எடுங்கள்.

கேட்டவர்:
எடுத்தேன் சார். 3,400 பக்கம் பெரிய மேடு. 5 சதவீதப் படலத்தில் ஆயுள் குறைவு, ஒளியின் தேய்வும் ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலாக இல்லை, லாக் வரைபடத்தில் நேர்கோடாக வராமல் வளைகிறது.

இன்னொரு பதில்:
தேய்வு வளைவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். படிக உருவற்ற பொருளில் ஒவ்வொரு அயனிக்கும் சுற்றுப்புறம் வேறு, அதனாலேயே வளையும். 1 சதவீதத்தைவிட 5 சதவீதத்தில் கூடுதலாக வளைகிறதா என்பதுதான் கேள்வி. அப்படியென்றால் அயனிகள் திரண்டிருக்கலாம். சிலிக்கா வலைப்பின்னல் இறுக்கமானது. யூரோப்பியத்துக்கு ஆறு முதல் எட்டு ஆக்சிஜன் வரை தேவை, அவ்வளவு கிடைக்காததால் அயனிகள் கூடிப் பகிர்ந்துகொள்கின்றன. அலுமினியம் நைட்ரேட்டையும் கரைசலில் சேருங்கள், யூரோப்பியத்தைவிடப் பல மடங்கு. கண்ணாடி ஃபைபர்களில் எர்பியத்தைப் பிரித்து வைக்கவும் இதே வழிதான்.

அனீலிங்கை 900 டிகிரிக்கு ஏற்றுங்கள். சாதாரண ஸ்லைடு உருகிக் குழையும், குவார்ட்ஸ் வேண்டும். மெதுவாகச் சூடேற்றாவிட்டால் படலம் வெடிக்கும். ஹைட்ரஜன் கலந்த வாயு மட்டும் வேண்டாம். அயனி ஈரிணைதிறனுக்கு இறங்கி, அகன்ற நீலப் பட்டை வர ஆரம்பிக்கும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. அலுமினியம் இல்லாமலே 900 டிகிரி வைத்தேன். 3,400 மேடு வெகுவாகச் சுருங்கியது. இரண்டு படலத்திலும் சிவப்பு கூடியிருக்கிறது, ஆயுளும் நீண்டிருக்கிறது. ஆனால் 5 சதவீதத்தின் தேய்வு இன்னும் அதிகமாகத்தான் வளைகிறது.

இன்னொரு பதில்:
ஹைட்ராக்சில் பெரும்பங்கு, மீதி திரள்தான் போலிருக்கிறது. இப்போது அலுமினியத்தைச் சேர்த்து, அதே 900 டிகிரியில், அதே தடிமனில் அளந்து பாருங்கள்.