நடுவுல ஓட்டை உள்ள ஜப்பான் காசு, எந்தக் காலத்துது?

கேள்வி: டோக்கியோல பழைய சாமான் சந்தைல கிடைச்சுது, சதுர ஓட்டை, சுத்தி நாலு எழுத்து, பின்னாடி ஓட்டைக்கு மேல மட்டும் குட்டியா ஒரு எழுத்து. எந்த வருஷம்னு சொல்லுங்களேன்?

பதில்: இது கன்எய் ட்சூஹோங்கற காசு. 1636ல ஆரம்பிச்சு 200 வருஷத்துக்கு மேல வார்த்துத் தள்ளிருக்காங்க, அதனால பேரை மட்டும் வச்சு காலம் சொல்ல முடியாது. ஆனா பின்னாடி இருக்கறது 'புன்' (文) எழுத்துன்னா ஈஸி, 1668லேருந்து 1683 வரைக்கும் எடோல (இப்போதைய டோக்கியோ), கமெய்டோ பட்டறைல வார்த்தது.

இன்னொரு பதில்: பின்பக்கம் மொழுக்குன்னு இருந்தா முன்னாடி இடதுபக்க எழுத்துக்கு அடியில இருக்கற ரெண்டு காலைப் பாருங்க, ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சு நின்னா 1668க்கு அப்புறம், ஒட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு முன்னாடி. பின்னாடி அலை அலையா கோடு இருந்தா 4 மொன் (அந்தக் கால ஜப்பான் பண அலகு) காசு, 1768லதான் வந்துச்சு.

கேட்டவர்: அட, 'புன்'தான்! புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: ஐயோ, வேணாம் சார்! காசு மேல படிஞ்சிருக்கற அந்தப் பச்சைக் களிம்பு போச்சுன்னா மதிப்பும் போச்சு.