'நாளே பா' முதல் பிள்ளைபிடிக்காரர் வரை: நாங்கள் நேரில் கண்ட வதந்திக் கதைகள்

பெங்களூரிலிருந்து:

1990களின் தொடக்கத்தில் பெங்களூரில் வளர்ந்த எவரும் 'நாளே பா' கதையை மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீடு இருந்தது. இரவில் ஒரு பெண்பேய் தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டும், அம்மாவின் குரலிலோ ஊரிலிருக்கும் அத்தையின் குரலிலோ பெயர் சொல்லி அழைக்கும், கதவைத் திறந்தவர் பிழைக்க மாட்டார் என்பதே கதை. 'நாளைக்கு வா' என்ற பொருளில் அந்த இரண்டு கன்னடச் சொற்களைக் கதவில் எழுதி வைத்தால் பேய் படித்துவிட்டுத் திரும்பிவிடும். மறுநாளும் அந்த எழுத்து அங்கேயே இருக்கும் என்பதால் அதற்கு உள்ளே வரும் நாள் வாய்ப்பதே இல்லை. சிலர் அடுப்புக்கரியாலும் சிலர் சாக்பீஸாலும் எழுதினார்கள். மழைச் சாரலில் அழியும்போதெல்லாம், கன்னடம் எழுதத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடியும் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் பாட்டி இதைப் புதுக் கதை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ராத்திரியில் யார் அழைத்தாலும் மூன்றாவது முறை அழைத்த பிறகுதான் குரல் கொடுக்க வேண்டும், பேயால் மூன்று முறை அழைக்க முடியாது என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தப் பழைய நம்பிக்கைதான் நகரத்துக்குக் குடிவந்து, எழுத்தறிந்த பேயாக மாறியது என்று நான் நினைக்கிறேன். தெலுங்கு பேசும் ஊர்களில் இதே கதை 'ஓ ஸ்த்ரீ ரேப்பு ரா' என்று சுவர்களில் ஏறியது. பேயைக் கண்டவர் யார் என்று கேட்டால், எப்போதும் பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர். அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஜான் ஹெரால்டு புருன்வாண்டு 1980களில் நகரத்துக் கதைகளைத் தொகுத்து எழுதியபோது, நண்பரின் நண்பருக்கு நேர்ந்ததாகவே அவை சொல்லப்படுகின்றன என்பதை அவற்றின் அடையாளமாகக் காட்டினார்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்:

சகோதரி எழுதியதைப் படித்ததும், கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் நான் பார்த்த அட்டைகள் நினைவுக்கு வந்தன. அஞ்சலட்டை 15 காசுக்கு விற்ற காலம் அது. திருப்பதிக் கோயிலில் ஒரு பாம்பு தோன்றி மனித உருவெடுத்து அர்ச்சகரிடம் பேசியது, இதை இத்தனை பேருக்கு எழுதியனுப்பியவருக்குப் பெருஞ்செல்வம் கிடைத்தது, கிழித்துப் போட்டவர் மகனை இழந்தார் என்று அவற்றில் இருக்கும். கையெழுத்து மாறும், பலன் பெற்றவரின் ஊர் மாறும், வாசகம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதையே பிட் நோட்டீஸாக அச்சடித்துக் கோயில் வாசலில் கொடுத்தவர்களும் உண்டு.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததாக எழுந்த செய்திக்கு அட்டையும் தேவைப்படவில்லை. தொலைபேசியே ஒரே நாளில் அதை நாடு முழுக்கக் கொண்டுபோய்விட்டது. பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்த அரசு அறிவியலாளர்கள், பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து வெளியேறும் பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். இக்கதைகளில் நான் எப்போதும் கவனிப்பது, கேட்பவர் செய்ய வேண்டிய ஒரு பரிகாரத்தையும் அவை கையோடு கொண்டுவருகின்றன என்பதைத்தான். பத்து அட்டை எழுது, ஒரு கரண்டி பால் கொடு, கதவில் எழுது என்று ஏதாவது ஒரு வேலை சொல்லாத கதை நெடுந்தூரம் போவதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து:

ஐயா சொன்ன பரிகாரத்தை வைத்தே நானும் தொடங்குகிறேன். கதவில் எழுதிய கரியும் கரண்டிப் பாலும் யாரையும் காயப்படுத்தவில்லை. 2018 கோடையில் எங்கள் பகுதிக்கு வந்த கதையோ, முகம் தெரியாதவரைக் கண்டால் விடாதே என்று கேட்டது.

குரல் பதிவு ஒன்றும் காணொளி ஒன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. குரல் பதிவில் பேசியவர் எங்கள் வட்டாரப் பேச்சிலேயே, மூச்சிரைக்க, பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் இறங்கிவிட்டது என்றார். அவர் சொன்ன ஊர்களெல்லாம் நாங்கள் பேருந்தில் அன்றாடம் கடந்து போகும் ஊர்கள். காணொளியில், தெருவில் விளையாடும் சிறுவர்களின் அருகே மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு விரைகிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் உடனே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு வாசக அட்டையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்தச் சில நொடிகள் போனதும், பிள்ளைகளைக் காக்க எடுத்த படம் கொலைக்குச் சாட்சியமாகிவிட்டது.

அந்த மே மாதத்தில் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கூடிய கூட்டம் அவர்களைக் கடத்தல்காரர்கள் என்று அடித்ததில் 65 வயதுப் பெண்மணி உயிரிழந்தார். வழி கேட்பவருக்குத் தண்ணீர் கொடுத்து, கூடவே நடந்து வந்து கோயிலைக் காட்டும் பழக்கம் உள்ள ஊர்கள் எங்களுடையவை என்பதால், அதை இன்றும் என்னால் ஆறுதலோடு நினைக்க முடியவில்லை. அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

பிள்ளைபிடிக்காரன் எங்களுக்குப் புதியவன் அல்லன். பாலம் கட்டும் இடத்தில் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று சொல்லியே எங்கள் அம்மா எங்களைப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு அழைத்துவிடுவார். ஆனால் அதைச் சொன்னவர் எதிரில் இருந்தார். யார் பிள்ளை, எந்தப் பாலம் என்று கேட்டால் அவர் தடுமாறுவதைப் பார்க்க முடிந்தது. குரல் பதிவிடம் அப்படிக் கேட்க வழியில்லை. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் கதையின் வேகம் குறைந்ததே தவிர, அது நிற்கவில்லை.

அதே பாணியிலான குரல் பதிவு, ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறி, பிறகும் எங்கள் உறவினர் குழுவுக்கு வந்தது. உங்களில் யாருக்காவது அப்படி வந்திருந்தால், எந்த மாதம், எந்த ஊர்ப் பெயரோடு, எந்த வகைக் குழு வழியாக வந்தது என்பதை இங்கே எழுதுங்கள். கதை எவ்வழியே நகர்கிறது என்று அதிலிருந்து தெரியவரும். பதிவை மட்டும் தயவுசெய்து இங்கே ஏற்ற வேண்டாம்.