புதுப்பிப்பு: சீன மாணவர்களும் 'ஓபன் த லைட்'டும்

சீன மாணவர்கள் 'டர்ன் ஆன்' என்னாமல் ஏன் 'ஓபன் த லைட்' என்கிறார்கள் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. அவர்கள் பேசும் சீன மொழியான மாண்டரினில் 'காய்' என்ற ஒரே வினை கதவைத் திறக்கும், விளக்கைப் போடும், கார் ஓட்டும், கூட்டமும் நடத்தும். டாக்டர் மருந்து எழுதித் தருவதும், தண்ணீர் கொதிப்பதும், பூ பூப்பதும்கூட அதுதான். அகராதி 'ஓபன்' என்று முதலில் போட்டுவிட்டால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்! 'குவான்' கதவையும் சாத்தும், விளக்கையும் அணைக்கும். 'க்ளோஸ் த லைட்' வந்தது அப்படித்தான்.

மூடியிருப்பதைத் திறந்தால் 'ஓபன்', கரன்ட்டில் ஓடுவதென்றால் 'டர்ன் ஆன்' என்று சொல்லிக்கொடுக்கலாம். குழாய்தான் வம்பு: கரன்ட் இல்லை, ஆனாலும் 'டர்ன் ஆன்'. சிங்கப்பூர் பேச்சு ஆங்கிலத்தில் 'ஓபன் த லைட்' சர்வ சாதாரணம். பரீட்சைத் தாளில் எழுதினால்தான் சிவப்பு மை.